பரிவு என்றால் ரெசனன்ஸ்

எங்கட வயதுப் பெற்றோரிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்திருப்பீர்கள். சாப்பாடு, உடுப்பு, கோயில், கொண்டாட்டம் எல்லாவற்றையும் பிள்ளைகளோடு எப்படியோ தமிழில் கதைத்துச் சமாளிப்போம். "அம்மா வேலையில என்ன செய்யிறா?" என்று பிள்ளை கேட்டால் மட்டும் சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவோம். அல்லது "கொம்பியூட்டர் வேலை" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவோம்.

எனக்கும் அந்த இரண்டு சொல் கனகாலம் போதுமாக இருந்தது. பத்து வருடத்துக்கு மேல் ஒரு வங்கியில் மென்பொருள் பொறியாளராக இருந்தேன். ஒரு கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்குக் காசு போகும் வழியில் எங்கள் நிரல் இருக்கும். போன வருடம் அதை விட்டுவிட்டு ஒரு சிறிய ஆய்வுக் குழுவில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். இப்போது செய்கிற வேலை இதுதான்: டோனட் வடிவப் பாத்திரம் ஒன்றுக்குள், சூரியனின் நடுப்பகுதியைவிடப் பத்து மடங்கு சூடாக்க வேண்டிய ஒரு வாயு இருக்கிறது. அதற்குள் வானொலி அலையை அனுப்பினால் அந்தச் சக்தி எங்கே போய்ச் சேரும், யார் அதை உறிஞ்சுவார்கள் என்று கணினியில் கணக்குப் பார்ப்பது.

இதை வீட்டில் சொன்ன அன்று முதலில் வந்த கேள்வி என் அம்மாவிடமிருந்து. "அணுவோ?"

அம்மாவின் பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. நாங்கள் இருப்பது ஏஜக்ஸில். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத் தமிழ்ச் சனத்தில் கனபேர் ஸ்காபரோவில் தொடங்கி, வீடு பெரிதாகப் பெரிதாக மார்க்கம், பிக்கறிங், ஏஜக்ஸ் என்று நகர்ந்தவர்கள். பிக்கறிங் அணுமின் நிலையம் எங்கள் கோடைகால நடைபாதையில் இருந்து பார்த்தால் தெரியும். 2020 ஜனவரி 12, ஒரு ஞாயிறு காலை, ஏழரை மணிக்குச் சற்று முன் ஒன்ராறியோ முழுக்கக் கைபேசிகள் அலறின. பிக்கறிங் நிலையத்தில் ஒரு சம்பவம் என்று அவசர அறிவிப்பு. அது தவறுதலாக வந்தது என்று பிறகு சொன்னார்கள். ஆனால் அந்த இடைவெளியில் அம்மா பாஸ்போர்ட்டுகளையும் தாலிக்கொடியையும் ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டார். எடுத்துக்கொண்டு ஓடிப் பழகிய கை அது.

அதனால் அம்மாவுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். பிக்கறிங்கிலும் டார்லிங்டனிலும் நடப்பது அணுக்கருப் பிளவு. யுரேனியம் போன்ற பெரிய அணுக்கரு உடைகிறது. நான் சொல்வது இணைவு. ஐதரசனின் இரண்டு பாரமான உறவினர்கள், டியூட்டீரியமும் டிரிட்டியமும், ஒன்றாகச் சேர்ந்து ஈலியம் ஆகின்றன, ஒரு நியூத்திரன் வெளியே பாய்கிறது. அந்த வாயு காற்றைவிட இரண்டு இலட்சம் மடங்குக்கு மேல் ஐதானது. பிரான்ஸில் கட்டப்படும் ஈட்டர் என்ற பெரிய உலையில்கூட ஒரு நேரத்தில் உள்ளே இருக்கும் எரிபொருள் ஒரு கிராமுக்கும் குறைவு. ஏதாவது பிழைத்தால் அது பொங்குவதில்லை, அணைந்துபோகும். ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். டிரிட்டியம் கதிரியக்கம் உள்ளது, அதன் அரைவாழ்வு 12.3 வருடம். நியூத்திரன் பட்ட உலோகச் சுவரும் கதிரியக்கமாகும். ஆனால் பையில் பாஸ்போர்ட் எடுத்து வைக்கும் வகை ஆபத்து இல்லை.

இந்த டிரிட்டியம் விடயத்தில் எங்கள் அயலுக்கு ஒரு பெரிய இடம் உண்டு. கனடாவின் அணு உலைகள் கனநீரைப் பாவிக்கின்றன. கனநீர் நியூத்திரனைப் பிடித்துப் பிடித்து மெல்ல மெல்ல டிரிட்டியம் சேர்க்கும். அதைப் பிரித்தெடுக்கும் ஆலை டார்லிங்டனில் இருக்கிறது, 401இல் கிழக்கே போனால் எங்கள் வீட்டில் இருந்து அரை மணித்தியாலம். உலகில் இணைவு ஆய்வுக்காகக் கிடைக்கும் டிரிட்டியத்தின் முக்கிய ஊற்று இந்த வகை உலைகள்தான். 2001இல் கனடா, ஈட்டர் உலையை டார்லிங்டனுக்குப் பக்கத்தில் கிளாரிங்டனிலேயே கட்டலாம் என்று உலகத்தைக் கேட்டது. 2003 முடிவில் போட்டியில் இருந்து விலகியது. 2005இல் பிரான்ஸின் கடராஷ் தெரிவானது. கிளாரிங்டனில் கட்டியிருந்தால், எங்கட பிள்ளைகள் அப்பிள் பிடுங்கப் போகும் வழியில் அதைப் பார்த்துக்கொண்டு போயிருப்பார்கள்.

கியூபெக்கில், மொன்றியலுக்குப் பக்கத்தில் வரேன் என்ற ஊரில், 1987இல் இருந்து ஒரு டோகமாக் ஓடியது. டோகமாக் என்பதுதான் அந்த டோனட் பாத்திரம், சுற்றிவரக் காந்தச் சுருள்களோடு. 1990களின் இரண்டாம் பாதியில் மத்திய அரசு பணத்தை நிறுத்த, அதை மூடிவிட்டார்கள். சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய டோகமாக் உண்டு. ரொறன்ரோவிலேயே, டவுன்ஸ்வியூவில் உள்ள பல்கலைக்கழக விண்வெளி ஆய்வு நிறுவனத்தில், பீட்டர் ஸ்டான்ஜ்பி என்ற பேராசிரியர் பிளாஸ்மாவின் விளிம்பு எப்படி நடக்கும் என்று கணினி மாதிரிகள் செய்து, அந்தத் துறைக்கே பாடப்புத்தகம் மாதிரி ஒன்றை 2000இல் எழுதினார். டஃபரின் வீதியில் நூறு தடவை அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். உள்ளே இப்படி ஒன்று நடக்கிறது என்று தெரியாது.

அம்மாவின் கேள்வி ஒருவாறு முடிந்தது. அப்பா கேட்டது வேறு. "நிரந்தரமோ?"

இல்லை என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தார், எழுந்துபோய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டார்.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஏ.எல். மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பித்தவர். காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் டியூட்டரி. பற்றறிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தடை இருந்த நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை. 1995இல் எங்களைக் கூட்டிக்கொண்டு கனடா வந்தார். எனக்கு ஏழு வயது. அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். பௌதிகத்தை அவர் ஒருதடவைகூட எங்களுக்கு முன்னால் எடுத்துக் கதைத்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் வீட்டுப் பாடங்களுக்கு உதவ முயன்றார், ஆனால் அவருடைய சொற்கள் எங்களுக்கு விளங்கவில்லை, எங்கள் புத்தகம் அவருக்கு அந்நியமாக இருந்தது. பத்தாம் வகுப்போடு நாங்கள் கேட்பதை விட்டுவிட்டோம். அவரும் விட்டுவிட்டார்.

அந்த மனிதருக்கு "நிரந்தரம்" என்ற சொல்லின் பாரம் எனக்குத் தெரியும். வங்கியில் எனக்கு ஓய்வூதியம், பல் வைத்தியம், பிள்ளைகளின் கண்ணாடி எல்லாம் இருந்தது. புதிய வேலையில் சம்பளம் நாலில் ஒரு பங்கு குறைவு. அடுத்த வருடம் வீட்டுக்கடனைப் புதுப்பிக்க வேண்டும். வட்டி என்னவாகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவரும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருந்து கணக்குப் பார்த்தோம். இரண்டு வருடம் தாங்கும் என்று வந்தது. மூன்றாவது வருடத்துக்கு வெறுமையாக ஒரு கட்டம்.

எனக்குப் பௌதிகம் தொழில் இல்லை. நான் முதுகலையில் படித்தது பெரிய சமன்பாட்டுக் கூட்டங்களைக் கணினியில் வேகமாகத் தீர்க்கும் முறைகள். குழுவில் என்னை எடுத்ததும் அதற்குத்தான். முதல் இரண்டு மாதம் ஆய்வுக் கட்டுரைகளை வாசித்து வாசித்துத் தலை சுற்றியது. ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் காகிதம் பரப்பி வைத்திருந்தேன். அப்பா வந்து கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"இது பரிவு அல்லோ?"

ரெசனன்ஸ் வளைகோடு. நடுவில் ஒரு கூர்மையான மேடு. இலங்கைப் பாடப்புத்தகத்தில் ரெசனன்ஸுக்குப் பரிவு என்று பெயர் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். இசைக்கவையைத் தட்டி, தண்ணீர்க் குழாயின் மேலே பிடித்து, நீரை ஏற்றி இறக்கி, சத்தம் திடீரென்று பெருகும் உயரத்தைக் கண்டுபிடிக்கும் செய்முறைக்குப் பரிவுக் குழாய் என்று பெயர். ஃபிரீகுவென்சிக்கு மீடிறன். எலெக்ட்ரானுக்கு இலத்திரன். இந்தச் சொற்களை அவர் சொல்லச் சொல்ல, எங்கள் வீட்டில் இவ்வளவு நாளும் பூட்டிக் கிடந்த ஒரு அறையில் லைட் எரிவது போல இருந்தது. பிறர் நோவுக்கு இரங்குவதற்கும் பரிவு என்கிறோம். ஒன்று அதிர, இன்னொன்று தானும் அதிர்வதற்கும் அதே சொல்லை யார் வைத்தார்களோ, அவருக்கு ஒரு கும்பிடு.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அப்பாவுக்கு நான் சொல்ல, அவர் குறுக்கே கேட்க, நான் திரும்பிப்போய் வாசிக்க, இப்படித்தான் எனக்கு இந்த விடயம் விளங்கியது. அவருக்குச் சொன்ன ஒழுங்கிலேயே உங்களுக்கும் சொல்கிறேன்.

இணைவு நடக்க வேண்டுமானால் ஏறத்தாழ 15 கோடி பாகை செல்சியஸ் வேண்டும். சூரியனின் நடுவில் ஒன்றரைக் கோடிதான். அங்கே இருக்கும் அமுக்கம் பூமியில் இல்லாததால் நாங்கள் சூட்டால் ஈடு செய்ய வேண்டும். அந்தச் சூட்டில் இலத்திரன்கள் அணுவில் இருந்து கழன்று, எல்லாம் மின்னேற்றம் உள்ள துணிக்கைகளாகிவிடும். அதுதான் பிளாஸ்மா. எந்தப் பாத்திரமும் அதைத் தொட முடியாது, ஆகவே காந்தப்புலத்தால் கட்டி வைக்கிறோம்.

எப்படிச் சூடாக்குவது? முதல் வழி எங்கள் வீட்டு மின் அடுப்பு மாதிரி. பிளாஸ்மாவுக்குள் மின்னோட்டத்தை ஓடவிட்டால் தடையால் சூடாகும். ஆனால் பிளாஸ்மா ஒரு விசித்திரமான பண்டம். சூடாகச் சூடாக அதன் தடை குறைந்துகொண்டே போகும். சில கோடி பாகையோடு இந்த வழி களைத்துவிடும். மிச்சத்துக்கு இரண்டு வழி. வேகமான அணுக்களைக் குழாயடியில் தண்ணீர் பாய்ச்சுவது போலப் பாய்ச்சலாம். அல்லது அலைகளை அனுப்பலாம். நான் இருப்பது அலைப் பக்கம்.

காந்தப்புலத்தில் மின்னேற்றம் உள்ள துணிக்கை சும்மா நேரே போகாது, புலக்கோட்டைச் சுற்றிச் சுற்றிப் போகும். ஒரு செக்கனுக்கு எத்தனை சுற்று என்பது புலத்தின் வலிமையிலும் துணிக்கையின் திணிவு, ஏற்றத்திலும் தங்கியிருக்கிறது. வேகத்தில் தங்கியில்லை. வேகம் கூடினால் வட்டம் பெரிதாகும், சுற்றும் நேரம் அதேதான். இதைச் சொன்னவுடன் அப்பா மேசையில் தட்டினார். "ஊசல் மாதிரி! வீச்சம் கூடினாலும் அலைவு காலம் மாறாது." பிறகு தானே திருத்தினார். "சின்ன வீச்சத்துக்கு." வாத்தியார் குணம் போகாது.

ஈட்டரின் நடுவில் காந்தப்புலம் 5.3 டெஸ்லா. அங்கே ஒரு டியூட்டீரியம் அயன் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 4 கோடி தடவை சுற்றும். அதாவது 40 மெகாஹெர்ட்ஸ். அயன்களைச் சூடாக்க ஈட்டரில் 40 முதல் 55 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைகளைத் திட்டமிட்டிருக்கிறார்கள். நீங்கள் காரில் 101.3 எஃப்எம்மில் தமிழ்ப் பாட்டுக் கேட்கிறீர்களே, அந்த மீடிறனில் ஏறத்தாழப் பாதி. அதே குடும்பத்து அலைதான். வித்தியாசம் வலுவில். வானொலி நிலையம் கிலோவாட் கணக்கில் அனுப்பும், இங்கே பேச்சு மெகாவாட்டில். அந்த வலுவைத் தரும் கருவிகளை ஈட்டருக்குச் செய்து கொடுக்கும் பொறுப்பு இந்தியாவினுடையது. குஜராத்தின் காந்திநகரில் இருக்கும் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தின் கீழ் அந்த வேலை நடக்கிறது. அங்கே 1989இல் இருந்தே ஆதித்யா என்ற டோகமாக் உண்டு.

சரி, அலையை அனுப்பினால் எப்படிச் சூடு ஏறும்? வருசப்பிறப்புக்கு மாமரத்தில் கட்டும் ஊஞ்சலை நினையுங்கள். எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோம் என்பதைவிட, எப்போது தள்ளுகிறோம் என்பதுதான் முக்கியம். ஊஞ்சல் திரும்பும் தருணத்தில் விரலால் தொட்டாலும் உயரப் போகும். துணிக்கை சுற்றும் மீடிறனும் அலையின் மீடிறனும் பொருந்தினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்னத் தள்ளு. அதுதான் பரிவு.

இடையில் ஒன்று. இதைக் கேட்டதும் கனபேர் "ஓ, மைக்ரோவேவ் அடுப்பு மாதிரியோ" என்கிறார்கள். இல்லை. மைக்ரோவேவ் அடுப்பு தண்ணீர் மூலக்கூற்றின் பரிவில் வேலை செய்கிறது என்பது ஒரு பரவலான பிழையான கதை. அங்கே அலையின் புலம் மூலக்கூறுகளை இப்படியும் அப்படியும் திருப்ப, அவை ஒன்றோடொன்று உரசிச் சூடாகின்றன. பள்ளிக்கூடப் புரொஜெக்டில் பிள்ளை அப்படி எழுதினால் திருத்திவிடுங்கள்.

டோகமாக்கின் அழகு இங்கேதான் இருக்கிறது. டோனட்டின் உட்பக்கம், அதாவது ஓட்டைக்குப் பக்கத்தில், காந்தப்புலம் கூட. வெளிப்பக்கம் போகப்போகக் குறையும். ஆகவே ஒரு குறித்த மீடிறன் ஒரே ஒரு நிலைக்குத்தான கீற்றில்தான் பொருந்தும். மீடிறனை மாற்றினால் அந்தக் கீற்று நகரும். எங்கே சூடு வேண்டுமோ அங்கே கொடுக்கலாம். ஒரு வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்புவது போல. அப்பா இதைக் கேட்டு அப்படியே இருந்தார். "அப்ப பிளாஸ்மாதான் றேடியோ" என்றார். எந்தக் கட்டுரையிலும் இதைவிடச் சுருக்கமாக நான் வாசிக்கவில்லை.

இதில் ஒரு குழப்படியும் உண்டு. பிளாஸ்மா முழுவதும் டியூட்டீரியமாக இருந்தால், டியூட்டீரியத்தின் அதே மீடிறனில் அலையை அனுப்பினால் அது நன்றாக உறிஞ்சாது. அயன்கள் ஒரு பக்கமாகச் சுற்றுகின்றன. அலையின் மின்புலமும் அதே பக்கமாகச் சுற்றினால்தான் தள்ள முடியும். ஆனால் அந்தப் பெருங்கூட்டம் சேர்ந்து அசையும்போது, தங்களுக்குத் தேவையான அந்தச் சுழற்சியையே அழித்துவிடுகிறது. பெரும்பான்மை தன் சொந்தப் பரிவைத் தானே மறைத்துவிடுகிறது. ஆகவே சில சதவீதம் மட்டும் வேறொரு வாயுவைச் சேர்ப்பார்கள், ஐதரசனோ ஈலியம்-3ஓ. அந்தச் சிறுபான்மையின் மீடிறனுக்கு அலையை வைத்தால், அவர்கள் சக்தியில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டு, பயங்கர வேகத்தில் ஓடி, மற்றவர்களோடு மோதி மோதி எல்லோரையும் சூடாக்குவார்கள். 2017இல் இதை இன்னும் நுணுக்கமாகச் செய்து காட்டினார்கள். இரண்டு முக்கிய வாயுக்களைச் சரியான விகிதத்தில் கலந்து, மூன்றாவதை 1 சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்த்தாலே போதும் என்று, அமெரிக்காவில் எம்ஐடியின் டோகமாக்கிலும் இங்கிலாந்தின் ஜெட் உலையிலும் நிரூபித்தார்கள். கறிக்குப் பெருங்காயம் போடுகிற அளவு. சிறுபான்மை, பெரும்பான்மை என்ற சொற்கள் இந்தத் துறையின் கலைச்சொற்கள்தான், நான் எங்கட கதையைக் கொண்டுவந்து செருகவில்லை. அப்பா மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

இனி என் வேலை. இதையெல்லாம் கணக்காகச் செய்வது ஏன் கடினம்?

மிக உயர்ந்த மீடிறன் அலைகளுக்கு, உதாரணமாக இலத்திரன்களைச் சூடாக்கும் 170 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு, அலைநீளம் சில மில்லிமீட்டர்தான். அவற்றைக் கண்ணாடிவில்லையில் ஒளிக்கதிர் வளைவது போலக் கோடு கோடாகத் தொடரலாம். என்னுடைய அலைகளுக்கு அது சரிவராது. 50 மெகாஹெர்ட்ஸ் அலை வெளியில் 6 மீட்டர் நீளம், பிளாஸ்மாவுக்குள் ஒரு சாணுக்குக் கிட்ட. பிளாஸ்மாவின் அகலமே 4 மீட்டர். கதிர் என்று ஒன்றை வரைய முடியாது, மக்ஸ்வெல்லின் சமன்பாடுகளைப் பாத்திரம் முழுவதற்கும் ஒரேயடியாகத் தீர்க்க வேண்டும். அதோடு சில இடங்களில் இந்த ஒரு சாண் அலை திடீரென்று வேறொரு இன அலையாக மாறும், சில மில்லிமீட்டர் நீளம் உள்ளதாக. கடலையும் கரையோர நுரையையும் ஒரே படத்தில் எடுக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் எனக்குப் பிடித்தது. சாதாரணப் பொருளில், ஓர் இடத்து மின்னோட்டம் அந்த இடத்து மின்புலத்தில் தங்கியிருக்கும். சூடான பிளாஸ்மாவில் அப்படி இல்லை. துணிக்கை ஓடிக்கொண்டே இருக்கிறது. அங்கே வாங்கிய தள்ளை இங்கே கொண்டுவந்து காட்டும். ஸ்காபரோவில் ஒருவர் காதில் சொன்ன கதை மார்க்கத்தில் கலியாண வீட்டில் வெளிப்படுவது போல. ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் தொடர்பு. கணினிக்கு வரும் சமன்பாட்டு அட்டவணையில் பூச்சியமே இல்லாமல் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கும். நுணுக்கத்தை இரண்டு திசையிலும் இரட்டிப்பாக்கினால் தெரியாக்கணியங்கள் நாலு மடங்கு, நினைவகம் 16 மடங்கு, கணக்கு வேலை 64 மடங்கு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில் ஃபிரெட் யேகர் குழுவினர் இதை ஆயிரக்கணக்கான செயலிகளில் ஓடவிட்டுத் தீர்த்தார்கள். ஜேர்மனியில் மார்க்கோ பிரம்பில்லா சில தோராயங்களோடு சிக்கனமான வழி ஒன்றைச் செய்தார். இரண்டு வழிக்கும் இன்றுவரை ஆட்கள் உண்டு, அவர்களுக்குள் மெல்லிய போட்டியும் உண்டு. என் மனம் சிக்கனப் பக்கம். இரவில் ஓடவிட்டுக் காலையில் விடை தெரிகிற மாதிரியைத்தான் ஒரு குழு உண்மையில் பாவிக்கும்.

மூன்றாவது, அலை துணிக்கைகளை மாற்றுகிறது, மாறிய துணிக்கைகள் அலையை வேறு விதமாக உறிஞ்சுகின்றன. ஆகவே ஒரு நிரல் அலையைக் கணிக்கும், இன்னொரு நிரல் துணிக்கைகளின் வேகப் பரம்பலைக் கணிக்கும், இரண்டும் மாறி மாறிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வரும்வரை விடக்கூடாது. அந்தப் பேச்சுவார்த்தை சில நேரம் முடிவே இல்லாமல் இழுபடும்.

இந்த நிரல்களில் பெரும்பகுதி ஃபோர்ட்ரானில் இருக்கிறது. சில பகுதிகள் என் வயது. அதைத் துடைத்து, சோதனைகள் எழுதி, புதிய கணினிகளில் ஓட வைப்பது என் பொறுப்பு. நான் எழுதிய முதல் சோதனையை வங்கிப் பழக்கத்தில்தான் எழுதினேன். அங்கே ஒவ்வொரு இரவும் வரவும் செலவும் பொருந்த வேண்டும். இங்கேயும் அப்படியே: அன்டெனாவில் இருந்து போன வலு எவ்வளவோ, இலத்திரன்களும் ஒவ்வொரு வகை அயனும் உறிஞ்சியதன் கூட்டுத்தொகையும் அவ்வளவாக இருக்க வேண்டும். ஒரு மாதிரியில் 7 சதவீதம் வரவில்லை. மூன்று கிழமை தேடினோம். சனிக்கிழமை வந்தால் அப்பா வாசலிலேயே கேட்பார்: "அந்த ஏழு வீதம் ஆப்பிட்டுதோ?" கடைசியில் பார்த்தால், அலை இனம் மாறுகிற அந்தக் கீற்றில்தான் காணாமல் போயிருந்தது. குறுகிய அலையைப் பிடிக்க எங்கள் வலைக்கண் பெரிது. வலையை இறுக்கினோம், இடைவெளி 1 சதவீதத்துக்குக் கீழே வந்தது, செலவு எகிறியது. எல்லா இடத்திலும் இறுக்காமல் அந்தக் கீற்றில் மட்டும் இறுக்குவது எப்படி என்பதுதான் இந்த வருடம் முழுக்க என் வேலை.

ஒப்பந்தம் நீளுமா என்பதும் கிட்டத்தட்ட அதில்தான் இருக்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. மாதிரி வேகமாகவும் நம்பிக்கையாகவும் ஓடினால் குழுவுக்கு அடுத்த நிதி கேட்க ஒரு காரணம் இருக்கும். இல்லாவிட்டால் அந்த வெறுமையான மூன்றாவது வருடம்.

பிள்ளைகளுக்கு இதைப் பெரிய கதையாக்கிச் சொல்லக்கூடாது என்று நான் கவனமாக இருக்கிறேன். "அம்மா உலகத்தைக் காப்பாத்திறா" என்றெல்லாம் இல்லை. இணைவு மின்சாரம் இன்னும் முப்பது வருடத்தில் என்று எழுபது வருடமாகச் சொல்கிறார்கள் என்ற பகிடி நியாயமானது. ஜெட் உலை 2023இல் தன் கடைசிப் பரிசோதனைகளில் 69 மெகாஜூல் இணைவுச் சக்தி கொடுத்துச் சாதனை செய்தது. ஆனால் அதைக் கொதிக்க வைக்கக் கொடுத்தது அதைவிடக் கூட. ஈட்டரின் புதிய அட்டவணை 2024இல் வந்தது. ஆய்வு ஓட்டம் 2034, டியூட்டீரியம்-டிரிட்டியம் எரிப்பது 2039. அதை வாசித்துக் காட்டியபோது என் மகன் விரல் மடித்தான். "எனக்கு 24." அப்பாவும் மனதுக்குள் கூட்டியிருக்க வேண்டும். "எனக்கு 87" என்று சொல்லிவிட்டு, "பார்ப்பம்" என்றார். அன்றைக்கும் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போனார். ஆனால் திரும்பி வந்து கேட்டார்: "பிள்ளை, உந்த வேலை நீளாட்டில் திரும்பப் பாங்குக்குப் போகலாம்தானே?" போகலாம் என்றேன். "அப்ப செய்" என்றார். வேலை மாறி எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த சம்மதம்.

மகனுக்கு வார இறுதித் தமிழ் வகுப்பில் மூன்று நிமிடப் பேச்சு. தலைப்பைப் பிள்ளைகளே தெரிவு செய்யலாம். வழமையாகப் பொங்கல், பாரதியார், எனக்குப் பிடித்த விலங்கு. இவன் "அம்மாவின் வேலை" என்று எடுத்துவிட்டான், என்னைக் கேட்காமல். எழுதிக் கொடுத்தது அப்பப்பா. நான் ஒரு வரியும் எழுதவில்லை. எண்களை மட்டும் சரிபார்த்தேன். அவனுடைய ஆசிரியர் திருச்சியில் படித்தவர். ஒத்திகையில் "மீடிறன்னா என்ன கண்ணா? அதிர்வெண்தானே?" என்று கேட்டிருக்கிறார். பரிவு என்றதும் இன்னும் குழம்பியிருக்கிறார், தமிழ்நாட்டில் அது ஒத்ததிர்வு. பிள்ளை வீட்டுக்கு வந்து அப்பப்பாவிடம் முறையிட்டான். அப்பா யோசித்துவிட்டு இரண்டையும் போடச் சொன்னார், "மீடிறன், அதாவது அதிர்வெண்" என்று. ஆனால் பரிவை மட்டும் மாற்ற விடவில்லை. ஒத்ததிர்வு என்றால் அர்த்தம் நேரே விளங்குகிறது, அது நல்ல சொல் என்று நான் வாதாடினேன். விளங்கிறதுக்கு அது, மறக்காமல் இருக்கிறதுக்கு இது என்று முடித்துவிட்டார்.

இப்போது அவர் இன்னொரு சொல் தேடுகிறார். அலை ஓர் இனத்தில் இருந்து இன்னோர் இனமாக மாறுகிறது என்று மேலே எழுதினேனே, எங்கள் 7 சதவீதத்தை விழுங்கிய அந்த இடம், அதற்கு அவருடைய பழைய புத்தகங்களில் பெயர் இல்லை. "வகைமாற்றம்" என்று பார்த்தார், பிடிக்கவில்லை. "உருமாற்றம்" புழுவுக்கு உரியது என்கிறார். உங்கள் வீட்டிலும் ஒரு பழைய பௌதிக வாத்தியார் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பேச்சு அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை.